ட்ரிப் எல்லையை உயர்த்தும் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள்: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆலை நிர்வாகத்துக்கும் பராமரிப்புத் துறைத் தலைமைக்கும்,

சுழலும் இயந்திரங்களின் அதிர்வை மாதந்தோறும் நேரில் சென்று அளக்கும் பணி நிறுத்தப்படுகிறது என்றும், அதைச் செய்துவந்த மூவரும் வேறு பிரிவுகளுக்கு மாற்றப்படுகிறார்கள் என்றும், இனிமேல் கம்பியில்லாச் சென்சார்கள் திரையில் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களே போதுமானவை என்றும் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். அதன் நான்காம் பத்தியில், உற்பத்தி தடைபடும் சூழலில் அதிர்வுக்கான ட்ரிப் எல்லையை, அதாவது எந்த அளவில் இயந்திரம் தானாக நின்றுவிட வேண்டும் என்ற வரம்பை, தேவைக்கேற்ப உயர்த்திக்கொள்ளும் அதிகாரம் ஷிஃப்ட் பொறுப்பாளருக்கு வழங்கப்படுகிறது என்ற ஒரு வரியும் இருக்கிறது. அந்த மூவரில் நானும் ஒருவன். 19 ஆண்டுகளாக அளவீட்டுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு இந்த இயந்திரங்களுக்கு நடுவே நடந்தவன். இடமாற்றத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்காம் பத்தியையும், மூன்று நிறங்களை நம்பி மற்ற அனைத்தையும் கைவிடும் முடிவையும் ஏற்க என்னால் இயலவில்லை.

ஏன் என்பதற்கு முதலில் ஐ.டி. ஃபேன் (புகையை இழுத்து வெளியேற்றும் விசிறி) மோட்டாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 250 கிலோவாட், நிமிடத்துக்கு 1,480 சுற்று, கான்கிரீட் அடித்தளத்தின் மேல் இறுக்கமாகப் பிணைக்கப்பட்ட மோட்டார் அது. மோட்டாரை விசிறியோடு இணைக்கும் கப்ளிங்கின் பக்கத்தில், தண்டைத் தாங்கும் பேரிங்கில் எட்டு உருண்டைகள் உண்டு. பல ஆண்டுகளாக அதன் மொத்த அதிர்வு வேகம் நொடிக்கு 1.1 மில்லிமீட்டரை ஒட்டியே இருந்துவந்தது. ஒரு மாத ரீடிங்கில் அந்த மொத்த அளவு அப்படியே இருக்க, என்வலப் ஸ்பெக்ட்ரத்தில் (மெல்லிய தட்டல்களைப் பிரித்தெடுத்து அதிர்வெண் வாரியாகக் காட்டும் வரைபடத்தில்) மட்டும் தண்டின் சுழற்சி அதிர்வெண்ணைப் போல மூன்று மடங்கைச் சற்றே தாண்டிய இடத்தில் ஒரு மெல்லிய முனை எழுந்திருந்தது. முழு மடங்கில் வரும் முனைகள் சமநிலைக் குறைவையோ, அலைன்மென்ட் (தண்டுகளின் நேர்கோட்டு அமைவு) பிசகையோ, தளர்வையோ சொல்லும். முழு மடங்கில் சேராமல், உருண்டைகளின் எண்ணிக்கையை ஏறத்தாழ 0.4-ஆல் பெருக்கினால் கிடைக்கும் மடங்குக்கு அருகில் ஒரு முனை நின்றால், பேரிங்கின் வெளி வளையத்தில் எங்கோ உலோகம் பெயரத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒவ்வோர் உருண்டையும் அந்தப் பள்ளத்தைக் கடக்கும்போது ஒரு முறை தட்டுகிறது. அந்தத் தட்டலைத்தான் கருவி எண்ணுகிறது.

அதை எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் அதே முனைக்கு இரண்டாம், மூன்றாம் மடங்குகளும் முளைத்தன. மீண்டும் எழுதிக் கொடுத்தேன். மொத்த அளவு பச்சைக்குள் இருப்பதால் அடுத்த ஷட்டவுன் வரை காத்திருக்கலாம் என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. மூன்றாம் மாதம் மொத்த அளவு 1.9 ஆனது. அப்போதும் பச்சைதான், ஏனெனில் அந்த வகை மோட்டாருக்கு மஞ்சள் 2.8-இல்தான் தொடங்குகிறது. அதற்கு இரண்டு வாரங்களுக்குப் பிறகு, இரவு ஷிஃப்டில், பேரிங்கில் உருண்டைகளைப் பிரித்து வைத்திருக்கும் கூடு உடைந்து தண்டு இறுகியது. கப்ளிங்கின் போல்ட் ஒன்று பாதுகாப்பு வலையைக் கிழித்துக்கொண்டு வெளியே பறந்தது. பேரிங்குக்கு கிரீஸ் வைக்க அனுப்பப்பட்டிருந்த இளம் உதவியாளரின் இடது மணிக்கட்டு நொறுங்கியது. விசாரணை அறிக்கை இதைத் ‘திடீர்ப் பழுது’ என்று குறிப்பிடுகிறது; இயந்திரத்துக்கு மிக அருகில் நின்றதாக அவர் மேல் கவனக்குறைவையும் பதிவு செய்திருக்கிறது. மூன்று மாதங்களாகத் தன் வரவை அறிவித்துக்கொண்டிருந்த பழுது அது. அதைத் திடீர் என்று அழைக்கும் ஓர் அறிக்கையில் உங்கள் கையெழுத்தைக் கண்ட நாளிலிருந்தே இந்த மடல் என்னுள் எழுதப்பட்டு வருகிறது.

இதில் பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் உணர வேண்டும். அதனிடம் எதைக் கேட்டோமோ அதற்கு அது சரியாகவே விடை சொன்னது. மொத்த அதிர்வு வேகம் என்பது பெரும்பாலான இயந்திரங்களில் 10 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் மட்டும் கணக்கிடப்படுகிறது. பேரிங்கின் முதல் விரிசலோ ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் உலோகத்தை ஒலிக்கச் செய்கிறது. அந்தப் பட்டையை மேலே விரித்துக் கணக்கிட்டாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது: 3,000 ஹெர்ட்ஸில் ஒரு ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்கு நிகராக, உலோகம் அதிர்ந்தாலும், அதை வேகமாக மாற்றினால் உச்சத்தில் நொடிக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் வரும். முடுக்கமாகப் பார்த்தால் கண்ணில் அறையும் ஒரு மாற்றம், வேகமாகப் பார்த்தால் அன்றாட ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோகிறது. மெதுவாகச் சுழலும் இயந்திரங்களில் இதே குறை வேறு முகத்தோடு வரும். நிமிடத்துக்கு 60 சுற்று சுழலும் ஓர் உருளை முழு வீச்சில் 0.2 மில்லிமீட்டர் ஆடினாலும் அதன் வேகம் உச்சத்தில் நொடிக்கு 0.63 மில்லிமீட்டர்தான். திரை பச்சையாக இருக்கும். அருகில் நிற்பவனுக்கு ஆட்டம் கண்ணாலேயே தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அனுபவமில்லாத கண்ணை அதிகம் ஏமாற்றுவது இதுதான். பேரிங் தன் கடைசிக் கட்டத்தை அடையும்போது, அதுவரை கூர்மையாக நின்ற முனைகள் கரைந்து, ஸ்பெக்ட்ரத்தின் அடித்தளம் முழுவதும் இரைச்சலாக மேலெழும். உயர் அதிர்வெண் அளவு சில வேளைகளில் குறையவும் செய்யும், ஏனெனில் பெயர்ந்த பள்ளத்தின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. எண்ணை மட்டும் பார்க்கிறவர் நிலைமை சீராகிவிட்டது என்று மகிழ்வார். முந்தைய மாதங்களின் ஸ்பெக்ட்ரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் இனி வாரங்கள் அல்ல, நாள்களே மிச்சம் என்பது விளங்கும். அப்படிப் பார்க்கிற கண்களைத்தான் நீங்கள் வேறு பிரிவுகளுக்கு அனுப்புகிறீர்கள்.

கம்பியில்லாச் சென்சார்களுக்கு நான் எதிரி அல்லன். வெப்பத்தாலும் உயரத்தாலும் நாங்கள் நெருங்க முடியாத இடங்களில் அவற்றைப் பொருத்த வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவன் நான். ஆனால் நீங்கள் வாங்கியவை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விழித்து, ஓர் எண்ணை அனுப்பிவிட்டு உறங்கிவிடுகின்றன. ஸ்பெக்ட்ரத்தையும் அலைவடிவத்தையும் சேமிப்பதில்லை. அவை விழிக்கும் நேரத்தில் இயந்திரம் முழுச் சுமையில் ஓடுகிறதா, வெறுமையாக ஓடுகிறதா என்பதும் அவற்றுக்குத் தெரியாது. நாங்கள் ஒவ்வொரு பேரிங் உறையிலும் வண்ணப்பூச்சைச் சுரண்டி, எமரித் தாளால் தேய்த்து, ஒரு சிறிய எஃகு வில்லையை ஒட்டி, ஒவ்வொரு மாதமும் அதே வில்லையின் மேல், அதே சுமையில் அளந்தோம். காந்தம் வண்ணப்பூச்சின் மேல் உட்கார்ந்தாலே உயர் அதிர்வெண்கள் அடிபட்டுப் போகும் என்பதை நாங்கள் அறிந்திருந்ததே அதற்குக் காரணம். அளந்துகொண்டிருக்கும்போதே அடித்தள போல்ட்டின் அருகே சிமென்ட் தூள் உதிர்ந்திருப்பதையும், கிரீஸ் கறுத்து வழிந்திருப்பதையும், பெல்ட் கருகும் வாடையையும் கவனித்தோம். கருவி சொல்லாத எத்தனையோ பழுதுகளை இந்த நடை எங்களுக்குக் காட்டித் தந்தது.

இனி அந்த நான்காம் பத்திக்கு வருகிறேன். எல்லையை உயர்த்துவது இங்கே புதிதன்று. இதுவரை சத்தமில்லாமல் நடந்ததை நீங்கள் இப்போது விதியாக்குகிறீர்கள். 400 கிலோவாட் புளோயர் (காற்றை ஊதும் இயந்திரம்) ஒன்று நொடிக்கு 7.1 மில்லிமீட்டரில் அடிக்கடி ட்ரிப் ஆனபோது, அந்த எல்லை 11-ஆக மாற்றப்பட்டது. இயந்திர அதிர்வுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 10816-இன் மூன்றாம் பகுதியே (2022-இல் அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 20816-3 வந்தது) 11.0 வரை அனுமதிக்கிறது என்று எனக்கு விளக்கம் தரப்பட்டது. 300 கிலோவாட்டுக்கு மேற்பட்ட இயந்திரங்களுக்கு அதிர்வை நான்கு மண்டலங்களாகப் பிரிக்கும் வரம்புகள் அந்தத் தரநிலையில் இரண்டு வரிசைகளாக உண்டு. இறுக்கமான தாங்குதளத்தில் நிற்பவற்றுக்கு 2.3, 4.5, 7.1, நெகிழும் தாங்குதளத்தில் நிற்பவற்றுக்கு 3.5, 7.1, 11.0. விருப்பத்துக்கு ஏற்ப வரிசையைத் தேர்ந்துகொள்ள அது இடம் கொடுக்கவில்லை. இயந்திரமும் தாங்குதளமும் சேர்ந்த அமைப்பின் மிகக் குறைந்த இயல்பு அதிர்வெண் (தட்டினால் அது தானாக அதிரும் அதிர்வெண்), முதன்மையான தூண்டல் அதிர்வெண்ணைவிட, அதாவது பெரும்பாலும் சுழற்சி அதிர்வெண்ணைவிட, குறைந்தது 25 சதவீதமாவது உயர்ந்திருந்தால் அது இறுக்கமான தாங்குதளம் என்று தெளிவாக வரையறுக்கிறது. அந்த புளோயரின் இயல்பு அதிர்வெண்ணை யாரும் அளக்கவில்லை. கான்கிரீட் மேடையின் மேல் நிற்கும் அந்த இயந்திரத்துக்கு அலுவலக மேசையிலிருந்தே நெகிழும் தாங்குதளம் வழங்கப்பட்டது. ட்ரிப் எல்லை மூன்றாம் மண்டலத்தின் மேல் வரம்பைப்போல 1.25 மடங்கைத் தாண்டலாகாது என்பதும் அதே தரநிலையின் பரிந்துரை. 7.1-க்கு அது 8.9-ஐக்கூட எட்டாது. இறுக்கமான தாங்குதளத்தில் நிற்கும் இயந்திரத்துக்கு 11 என்பது எந்தக் கணக்கிலும் வராத எண்.

அந்த புளோயர் ஏன் அதிர்ந்தது என்பதைக் கண்டறிய அரை நாள் போதுமாயிருந்தது. காற்றைத் தள்ளும் சுழற்சக்கரமான இம்பெல்லரின் இறக்கைகளில் படிந்த தூசி ஒரு பக்கம் பெயர்ந்து விழுந்து, மறு பக்கம் ஒட்டியிருந்தது. அச்சிலிருந்து அரை மீட்டர் தூரத்தில் 50 கிராம் மட்டும் கூடுதலாக இருந்தால், நிமிடத்துக்கு 1,480 சுற்றில் அது ஏறத்தாழ 600 நியூட்டன் விசையாகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நொடிக்கு 25 முறை தண்டை ஒவ்வொரு திசையிலும் பிடித்து இழுப்பதற்கு நிகர். உருண்டை பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். கழுவிச் சமநிலைப்படுத்தினால் தீர்ந்திருக்கும் ஒன்றை, எல்லையை உயர்த்தி ஓட்டினோம். நான்கு மாதங்களில் அடித்தள போல்ட்கள் தளர்ந்து, இயந்திரத்துக்கும் மேடைக்கும் நடுவே நிரப்பிய கலவையான கிரவுட் பிளந்து, மேடையையே உடைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. சேமித்ததாக எண்ணிய மணி நேரங்களைப் போல எத்தனையோ மடங்கு அதில் கரைந்தது. கட்டும் வேலையில் நின்றவர்களும் எங்கள் ஆட்களே என்பதால் அந்த வலியை நான் கணக்குப் புத்தகத்தில் அல்லாமல் நேரில் பார்த்தேன்.

எல்லைகளைப் பற்றிய இன்னொரு தவறும் உங்கள் திரையில் பதிந்திருக்கிறது. எல்லா இயந்திரங்களுக்கும் மண்டல எண்களையே எச்சரிக்கை எண்களாக வைத்திருக்கிறீர்கள். எச்சரிக்கை என்பது அந்தந்த இயந்திரத்தின் வழக்கமான அளவோடு, இரண்டாம் மண்டலத்தின் மேல் வரம்பில் 25 சதவீதத்தைக் கூட்டி வைக்கப்பட வேண்டும் என்றே தரநிலை பரிந்துரைக்கிறது. ஐ.டி. ஃபேன் மோட்டாருக்கு வழக்கமான அளவு 1.1, 2.8-இல் 25 சதவீதம் 0.7, ஆகவே 1.8-இல் மஞ்சள் எரிந்திருக்க வேண்டும். விபத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன் அது 1.9-இல் இருந்தது. விதியை விதிப்படி வைத்திருந்தால், எங்கள் ஸ்பெக்ட்ரத்தை நம்பாதவர்கள்கூட அந்த இரவுக்கு முன்பே அந்த மோட்டாரை நிறுத்தியிருப்பார்கள்.

மாதாந்தர அளவீடு இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை பேரிங்குகளை மொத்தமாக மாற்றிவிடுவோம் என்று சுற்றறிக்கை ஆறுதல் சொல்கிறது. விமான நிறுவனமான யுனைடெட் ஏர்லைன்ஸின் பொறியாளர்கள் நோலனும் ஹீப்பும் 1978-இல் அளித்த அறிக்கை இந்த நம்பிக்கையைத்தான் ஆராய்ந்தது. அவர்கள் ஆய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதம் மட்டுமே வயதானதால் பழுதாகும் போக்கைக் காட்டின. எஞ்சிய 89 சதவீதத்துக்குக் காலக்கெடு வைத்து மாற்றுவதால் பயன் இல்லை. விமானப் பாகத்தையும் நம் பேரிங்கையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல பேரிங்கைக் கழற்றி, சுத்தியலால் புதியதை ஏற்றி, அலைன்மென்ட்டை அவசரத்தில் முடித்து, அதன் மறு மாதமே அதிர்வு கூடியதை என் குறிப்பேட்டில் பல பக்கங்களில் காட்ட முடியும்.

எல்லையைத் தாண்டிய ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டே இயந்திரத்தை ஓட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி உண்டு. ரஷ்யாவின் சயானோ-சுஷென்ஸ்கயா நீர்மின் நிலையத்தில் 2009 ஆகஸ்ட் 17 காலை, இரண்டாம் அலகின் டர்பைன் பேரிங்கில் அதிர்வு 840 மைக்ரோமீட்டரை எட்டியது. அனுமதிக்கப்பட்ட அளவு 160. டர்பைனின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்கள் அறுந்து, நீரின் அழுத்தத்தில் சுழலி அப்படியே மேலே தூக்கி எறியப்பட்டது. இயந்திரக் கூடம் வெள்ளத்தில் மூழ்கி 75 பேர் இறந்தனர். பின்னர் கண்டெடுத்து ஆராயப்பட்ட 49 போல்ட்களில் 41-இல் உலோகச் சோர்வால் ஏற்பட்ட விரிசல்கள் இருந்தன. நம்முடையவை அத்தனை பெரிய இயந்திரங்கள் அல்ல. ஆனால் ஒரு விரிசல் வளர்வதற்கான காரணமும், வளர்வதை அறிவிக்கும் விதமும் நம் 250 கிலோவாட் மோட்டாரிலும் அந்த 640 மெகாவாட் அலகிலும் ஒன்றே.

ஷிஃப்ட் பொறுப்பாளர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உற்பத்தி இலக்கு அவர்கள் கழுத்தில் கட்டப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் ட்ரிப் ஆகும் இயந்திரத்துக்கு முன்னால் அவர்களைத் தனியே நிறுத்தி, எல்லையை உயர்த்தும் சாவியையும் கையில் கொடுத்தால், அவர்கள் என்ன செய்வார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறகு ஏதேனும் நேர்ந்தால் அந்தச் சாவியைத் திருப்பியவர் பெயர் மட்டுமே அறிக்கையில் இருக்கும். எல்லையை வகுக்கும் பொறுப்பை, அந்த எல்லையால் நெருக்கப்படுகிறவரிடமே ஒப்படைப்பது அவருக்கும் அநீதி.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையின் நான்காம் பத்தியை உடனே திரும்பப் பெறுங்கள். எந்த ட்ரிப் எல்லையும், அந்த இயந்திரத்தின் இயல்பு அதிர்வெண் அளக்கப்பட்டு, அதிர்வின் காரணம் எழுதப்பட்டு, பராமரிப்புத் துறைத் தலைவரும் அதிர்வுப் பகுப்பாய்வாளரும் கையெழுத்திட்ட பிறகே மாற்றப்பட வேண்டும். 11-இல் நிற்கும் புளோயர் எல்லையை இந்த வாரமே 7.1-க்குக் கொண்டுவாருங்கள். எச்சரிக்கை எண்களை ஒவ்வோர் இயந்திரத்தின் வழக்கமான அளவிலிருந்து தனித்தனியே கணக்கிடச் சொல்லுங்கள். அதற்கான பழைய பதிவுகள் அனைத்தும் எங்களிடம் உள்ளன, கேட்டால் ஒரு வாரத்தில் தருகிறேன்.

மாற்று இயந்திரம் இல்லாத எல்லா இடங்களிலும் மாதாந்தர நேரடி அளவீட்டை மீண்டும் தொடங்குங்கள். சென்சார்கள் அதோடு கூடவே ஓர் ஆண்டு ஓடட்டும். எதை அவை முன்கூட்டிப் பிடித்தன, எதைத் தவறவிட்டன என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நடையைக் குறைப்பது பற்றிப் பேசலாம். சென்சார்களிலிருந்து நிறத்தை மட்டுமன்றி முழு ஸ்பெக்ட்ரத்தையும் அலைவடிவத்தையும் பெற்றுச் சேமிக்க வழி செய்யுங்கள். தற்போதைய மாதிரியால் அது இயலாதெனில், பேரிங்குகளுக்கு அதை நம்ப வேண்டாம். மூவரையும் திருப்பித் தர முடியாவிட்டாலும், அதிர்வுப் பகுப்பாய்வாளர்களுக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 18436-2-இன்படி இரண்டாம் நிலைச் சான்றிதழ் பெற்ற ஒருவரையாவது இந்தப் பணிக்கென்றே வைத்திருங்கள். அது நானாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

எழுத்தில் தரப்படும் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஏழு நாள்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இயந்திரத்தைத் தொடர்ந்து ஓட்டுவதே முடிவு என்றால், முடிவெடுத்தவரின் பெயரும், எந்த நாள் வரை என்பதும், அதுவரை அதன் அருகே யாரும் செல்லாதபடி என்ன தடுப்பு போடப்படும் என்பதும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும்.

கடைசியாக, ஐ.டி. ஃபேன் விபத்தின் விசாரணை அறிக்கையைத் திருத்துங்கள். நான் கொடுத்த இரண்டு எச்சரிக்கைகளையும், மூன்று மாத ஸ்பெக்ட்ரங்களையும் அதில் இணையுங்கள். ‘திடீர்ப் பழுது’ என்ற சொல்லை நீக்குங்கள். கிரீஸ் வைக்கச் சொல்லி அனுப்பப்பட்டு, சொன்ன இடத்தில் நின்ற அந்த உதவியாளரின் பணிப் பதிவேட்டிலிருந்து கவனக்குறைவு என்ற குறிப்பை அழித்து, அழித்ததை அவருக்குக் கடிதமாகத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
அதிர்வு அளவீட்டுப் பணியில் 19 ஆண்டுகள் இருந்த தொழில்நுட்பப் பணியாளர்